அஞ்சிய கைகளுக்கு ஒரு பாடநூல்

ஆபிரகாம் வர்கீஸ் எழுதிய ‘மை ஓன் கன்ட்ரி’: ஒரு திறனாய்வு

ஒரு நோயைப் பற்றி அறிந்துகொள்வது வேறு; அந்நோயுற்றவர் அருகில் அமர்ந்து அவருடைய கையைப் பற்றுவது வேறு. முன்னதைப் பாடநூல் கற்பித்துவிடும். பின்னதை யார் கற்பிப்பது? எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்குத் துணைநிற்க வேண்டிய மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், ஆலோசகர் ஆகியோருக்குப் பயிற்சியளிக்கும் எவரும் இந்த வினாவைச் சந்தித்தே தீரவேண்டும். இதற்கு விடை தேடுவோர் படிக்கத்தக்க நூல் ஒன்று 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆபிரகாம் வர்கீஸ் என்னும் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை ஓன் கன்ட்ரி’ என்பதே அந்நூல். ‘என் சொந்த நாடு’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். இயக்குநர் மீரா நாயர் 1998-இல் இதனைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

இந்நூல் நாவலன்று, மருத்துவப் பாடநூலும் அன்று. ஒரு மருத்துவர் தம் அனுபவத்தைத் தாமே எழுதிய வரலாறு. இலக்கியம் என்ற முறையில் இதனைப் பாராட்டியோர் பலர். நாம் இங்கு வேறொரு நோக்கில் இதனை ஆராய்வோம். நோயாளிக்குத் துணைநிற்கக் கற்போருக்கு இந்நூல் எவற்றைக் கற்பிக்கிறது? எவற்றைக் கற்பிக்கத் தவறுகிறது? இவையே நம் கேள்விகள்.

ஆசிரியரும் களமும்

வர்கீஸ் 1955-இல் எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். பெற்றோர் கேரளத்திலிருந்து அங்குச் சென்ற ஆசிரியர்கள். எத்தியோப்பியாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தபோது, 1974-இல் அங்கு மன்னராட்சி கவிழ்ந்து பெருங்குழப்பம் ஏற்பட்டது. படிப்பு பாதியில் நின்றது. அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கடைநிலை உதவியாளராக வேலை பார்த்தார். பின்னர் இந்தியா வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1979-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

நூலின் களம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மலையடிவாரத்தில் அமைந்த ஜான்சன் சிட்டி என்னும் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. 1985-இல் தொற்றுநோய் வல்லுநராக வர்கீஸ் அங்குப் பணியேற்றார். எய்ட்ஸ் என்பது நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற பெருநகரங்களின் நோய் என்றே அவ்வூரார் எண்ணியிருந்த காலம் அது. 1989-இல் அவர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அவருடைய கவனிப்பில் எண்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். இந்த நான்கு ஆண்டுகளின் கதையே நூல்.

புதைக்கச் சொன்ன இயந்திரம்

நூலின் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்று பயிற்சியாளர் அனைவரும் கருதிப் பார்க்க வேண்டியது. வர்கீஸ் பணியேற்பதற்குச் சற்று முன்பு நிகழ்ந்தது அது. நியூயார்க்கில் வாழ்ந்த உள்ளூர் இளைஞன் ஒருவன் பெற்றோரைக் காணத் தானே கார் ஓட்டி வருகிறான். வந்து சேரும்போது மூச்சுத் திணறல் முற்றிவிடுகிறது. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவி பொருத்துகின்றனர். பின்னரே அவனுக்கு எய்ட்ஸ் என்று தெரிகிறது. அவன் இறந்துவிடுகிறான்.

அவன் இறந்தபின் அந்தச் சுவாசக் கருவியை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. புதைத்துவிடலாம் என்கின்றனர் சிலர். எரித்துவிடலாம் என்கின்றனர் வேறு சிலர். இறுதியில் கருவியைப் பிரித்து, மாற்றக்கூடிய பகுதிகளையெல்லாம் மாற்றி, பலமுறை வாயுவினால் தூய்மைசெய்கின்றனர். அதன் பின்னும் நெடுநாள் அதனை எடுத்துப் பயன்படுத்த எவருக்கும் மனம் வரவில்லை.

இதனைப் படிக்கும் மாணவர்கள், ‘பாவம், அக்காலத்தில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை’ என்று எண்ணக்கூடும். அது சரியன்று. 1983-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்நோய் பரவும் முக்கிய வழிகளை வெளியிட்டுவிட்டது. உடன் பழகுவதாலும், உணவு, நீர், காற்று ஆகியவற்றாலும் இது பரவுவதில்லை என்றும் தெளிவாக்கியிருந்தது. அந்த அறிவு அச்சேறி ஈராண்டுகள் கழிந்தபின், படித்துத் தேர்ந்தவர்கள் நிறைந்த ஒரு மருத்துவமனையில், ஓர் இயந்திரத்தைப் புதைக்கலாமா என்று ஆலோசனை நடந்திருக்கிறது. குறை செய்தியில் இல்லை. செய்தி கைக்கு இறங்காமையே குறை. பயிற்சி என்பது விரிவுரையும் வினாத்தாளும் என்று எண்ணுவோருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய மறுப்பாகும்.

அச்சத்துக்கு அளவுகோல்

அச்சம் அடியோடு பொய்யானதன்று என்பதையும் நாம் மறக்கலாகாது. மருத்துவப் பணியாளரின் விரலில் ஊசி குத்தக்கூடும். அவ்வூசியில் எச்.ஐ.வி. உள்ள குருதி இருக்கக்கூடும். ஆயினும் அந்த ஆபத்துக்கு ஓர் அளவு உண்டு. சிகிச்சை பெறாத ஒருவரின் குருதி பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரம் குத்துகளில் மூன்று. தடுப்பூசி போட்டுக்கொள்ளாத பணியாளருக்கு ஹெபடைடிஸ்-பி என்னும் கல்லீரல் அழற்சி நோய் இதே வழியில் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உயரக்கூடும். நூறு மடங்கு பெரிய அந்த ஆபத்தைக் கண்டு எவரும் இயந்திரத்தைப் புதைக்கச் சொன்னதில்லை.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதும் இன்று வரையறுக்கப்பட்டுள்ளது. குத்திய விரலைப் பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது, சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். உடனே பொறுப்பு மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். தடுப்பு மருந்தை இயன்ற விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ளவேண்டும். இத்தனையும் அறிந்து, மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் அறிந்த செவிலியின் கை நடுங்குவதில்லை. ‘அஞ்சாதீர்கள்’ என்று நூறு முறை சொல்வதைவிட, ஆபத்தின் அளவையும் அதற்கான மாற்றையும் சொல்லிக் கொடுப்பதே பயன் தரும்.

கையுறை எப்போது?

இந்நூலின் வலிமை மிகுந்த பகுதிகள் நோயாளியின் கட்டிலருகே நிகழ்பவை. சிகிச்சைக்கு மருந்தே இல்லாதிருந்த காலம் அது. முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் பயனும் குறுகியதே. மருந்தில்லாத மருத்துவரிடம் எஞ்சியிருப்பவை கண்ணும் செவியும் கையும். நாடி பார்த்தல், வயிற்றைத் தடவி அறிதல், மார்பைத் தட்டிக் கேட்டல், வாயைத் திறந்து நோக்குதல் ஆகிய பழைய முறைகளை வர்கீஸ் விடாது கைக்கொள்கிறார். இவற்றில் நல்ல தேர்ச்சி பெறும் வாய்ப்பு அவருக்குச் சென்னையில் கிடைத்தது என்பதைத் தமிழ் வாசகர் பெருமையுடன் நினைவுகொள்ளலாம். ஊரார் தொட அஞ்சும் ஒருவரை மருத்துவர் முறையாகத் தொட்டுப் பரிசோதிப்பது, நோயறியும் வழியாகவும் இருந்தது. ‘உன்னைக் கைவிடவில்லை’ என்னும் சொல்லாகவும் இருந்தது.

இதிலிருந்து பயிற்சிக்குரிய அறிவியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். புண்படாத தோல் இந்த வைரசுக்கு உறுதியான மதில். கை குலுக்கவும், நாடி பார்க்கவும், தோளைத் தட்டிக் கொடுக்கவும் கையுறை தேவையில்லை. குருதியோ பிற உடல்நீர்களோ கையில் படக்கூடிய வேலைகளுக்குக் கையுறை வேண்டும். நோயாளி யாராயினும் வேண்டும். 1987-இல் வகுக்கப்பட்ட பொதுத் தற்காப்பு முறையின் கருத்து இதுவே. யாருடைய குருதியில் எது இருக்கிறது என்று முகத்தைப் பார்த்து அறிய இயலாது. ஆதலால் எல்லோரிடமும் ஒரே எச்சரிக்கை. எச்.ஐ.வி. உள்ளவர் என்று தெரிந்த ஒருவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை அணிவது இரண்டு தீங்குகளைச் செய்கிறது. அவருடைய இரகசியத்தைப் பக்கத்துக் கட்டிலுக்கு அறிவித்துவிடுகிறது. தெரியாதவரிடம் பணியாளர் அசட்டையாக இருக்கவும் வழிசெய்கிறது.

கேட்டலின் பயன்

நோயாளிகளின் கதையை வர்கீஸ் பொறுமையாகக் கேட்கிறார். அவர்களுடைய வீடுகளுக்குச் செல்கிறார். தன் சகோதரனை வீட்டிலேயே வைத்துக் காத்த எஸ்ஸி என்னும் பெண்ணையும், கணவன் வழியாகத் தொற்றுப் பெற்ற விக்கியையும் நாம் அறிந்துகொள்வது இவ்வாறுதான். தன்பாலீர்ப்புடைய ஆண்களைப் பற்றித் தமக்கிருந்த அறியாமையையும் தயக்கத்தையும் ஆசிரியர் மறைக்காமல் எழுதுகிறார். அவர்கள் கூடும் விடுதிக்கே சென்று நோயைப் பற்றிப் பேசுகிறார். பயிற்சி பெறுவோருக்கு இது நல்ல முன்மாதிரி. தம் மனத்தடையை ஒப்புக்கொண்டவரே அதைக் கடக்க முடியும்.

இக்கேட்டல் அறிவியலுக்கும் பயன்பட்டது. ஒரு நாள் அவர் தம் நோயாளிகள் வாழும் இடங்களை வரைபடத்தில் குறிக்கிறார். அவர்கள் அதற்கு முன்னர் வாழ்ந்த இடங்களை மற்றொரு வரைபடத்தில் குறிக்கிறார். உண்மை புலப்படுகிறது. பெரும்பாலோர் இளமையில் ஊரை விட்டுப் பெருநகரங்களுக்குச் சென்று, அங்குத் தொற்றுப் பெற்று, நோயுற்றபின் பெற்றோரை நாடி ஊர் திரும்பியவர்கள். சிலர் உள்ளூரிலேயே தொற்றுப் பெற்றவர்கள். இக்கண்டுபிடிப்பு 1989-இல் மருத்துவ ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது. ‘எங்கே பிறந்தீர்கள், எப்போது ஊரை விட்டீர்கள், ஏன் திரும்பினீர்கள்?’ என்ற எளிய வினாக்களைப் பரிவோடு கேட்டதனால் கிட்டிய ஆய்வு முடிவு இது. பரிவு வேறு, அறிவியல் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இப்பகுதியைப் படிக்கவேண்டும்.

‘குற்றமற்றவர்’ என்னும் சொல்

நூலில் வரும் வில் ஜான்சனும் அவர் மனைவி பெஸ்ஸும் ஊரில் மதிப்புப் பெற்றவர்கள். சமயப் பற்று மிக்கவர்கள். வில்லுக்கு நடந்த இதய அறுவையின்போது செலுத்தப்பட்ட குருதியால் தொற்று ஏற்பட்டது. அவர் வழியாக மனைவிக்கும் பரவியது. அவர்கள் இச்செய்தியை ஊரார் அறியாதபடி காத்தனர். இத்தகையோரைக் ‘குற்றமற்ற பலியாட்கள்’ என்று உலகம் அழைத்தது. அச்சொல்லின் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். இவர்கள் குற்றமற்றவர் என்றால், மற்றவர் குற்றவாளிகள் என்றாகிறது. வைரசுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. தடுப்பாற்றல் தரும் குருதி வெள்ளணுக்களுள் ஒருவகையைத் தாக்குவதே அதன் வேலை. அது வந்த வழி எதுவாயினும் நோயின் போக்கு ஒன்றே.

‘உங்களுக்கு இது எப்படி வந்தது?’ என்று வெறும் ஆவலால் கேட்கும் பணியாளர் அறிந்தோ அறியாமலோ இந்தத் தராசைக் கையில் எடுக்கிறார். சிகிச்சைக்குத் தேவையான வினாவையும் தீர்ப்புச் சொல்லும் வினாவையும் பிரித்தறியப் பழக்குவது பயிற்சியின் இன்றியமையாத கூறு. இந்த இடத்தில் நூல் மாணவர்களுக்குப் பெரிதும் உதவும்.

நூலின் குறைகள்

இனிக் குறைகளைக் காண்போம். முதலாவது, இந்நூல் முழுவதும் மருத்துவர் ஒருவரின் கண் வழியாகவே நிகழ்கிறது. செவிலியரும் சமூகப் பணியாளரும் வந்து போகிறார்கள். அவர்கள் எப்படிக் கற்றார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பது வாசகருக்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. மருத்துவர் நாளில் சில நிமிடம் கட்டிலருகே நிற்கிறார். விரிப்பை மாற்றுவதும், உணவூட்டுவதும், நள்ளிரவில் அழுகையைக் கேட்பதும் பிறர் வேலை. வர்கீஸே ஒரு காலத்தில் உதவியாளராக இருந்தவர். உடலைக் கழுவி, மலச்சட்டி எடுத்த அந்த வேலை பின்னாளைய மருத்துவரை எந்த அளவுக்கு உருவாக்கியது என்பதை அவர் இன்னும் விரித்து எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், பரிவு என்பது சிலருக்கு மட்டும் பிறவியில் வாய்த்த குணம் என்ற எண்ணம் வாசகரிடம் தங்கியிராது. அது பழக்கத்தால் வளர்க்கத்தக்க திறமை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இரண்டாவது, இந்நூலில் நோயாளிகள் கதையின் நாயகர்கள். ஆனால் ஆசிரியர்கள் அல்லர். உண்மையில் வர்கீசுக்குக் கற்பித்தவர்கள் அவர்களே. நூல் வெளிவந்த அதே 1994-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பாரிசில் கூடிய 42 நாடுகள், எய்ட்ஸ் தொடர்பான பணிகளில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு மேலும் பங்களிக்கவேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. பயிற்சி வகுப்பில் அவர்கள் காட்சிப் பொருளாக நிற்காமல் ஆசானாக நிற்கவேண்டும் என்பதே இதன் பொருள். ஓர் உருவப் படத்தைக் கண்டு நீங்காத அச்சம், எதிரே அமர்ந்து தேநீர் அருந்தியபடி பேசும் மனிதரைக் கண்டு நீங்கிவிடும்.

மூன்றாவது, தனி மனிதத் தியாகத்தின் மீது நூல் வைத்திருக்கும் நம்பிக்கை. நான்கு ஆண்டுகளில் ஆசிரியர் களைத்துவிடுகிறார். இல்வாழ்க்கை விரிசலடைகிறது. இறுதியில் ஊரை விட்டே புறப்படுகிறார். நாம் அவரைக் குறை கூறவில்லை. ஒருவரே மருத்துவராகவும், ஆலோசகராகவும், குடும்ப நண்பராகவும் இருக்கும் ஏற்பாடு நீடிக்காது என்பதற்கு இது சான்று. அவர் சென்றபின் அந்த எண்பது பேரும் புதியவர் ஒருவரிடம் தம் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கவேண்டும். பராமரிப்போரின் மனச்சுமையை யார் கேட்பது, பணியைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்பனவும் பயிற்சித் திட்டத்தில் இடம்பெற வேண்டும். நூல் இதனை உணர்த்துகிறது. ஆனால் வழி காட்டவில்லை.

அன்றைய நூல், இன்றைய அறிவு

எல்லாவற்றினும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்நூலில் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். 1996 முதல் நிலைமை மாறிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. இன்று உரிய காலத்தில் சிகிச்சை தொடங்கி, மருந்தைத் தவறாது உட்கொள்பவர் ஏறத்தாழ மற்றவரைப் போலவே நெடுங்காலம் வாழலாம். மருந்தினால் குருதியில் வைரசின் அளவு சோதனையில் தென்படாத நிலைக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் உடலுறவின் மூலம் பிறருக்குப் பரவுவதில்லை. ஐரோப்பாவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 782 ஆண் இணையர் பின்தொடரப்பட்டனர். உறையின்றி உறவு கொண்டும், சிகிச்சை பெற்ற துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. தொற்றுள்ள தாய் உரிய மருந்து உட்கொண்டால் தொற்றில்லாக் குழந்தையைப் பெற முடியும்.

எனவே இந்நூலை மட்டும் படித்த மாணவர், இறப்போருக்குத் துணைநிற்கக் கற்றிருப்பார். வாழ்வோருக்குத் துணைநிற்கக் கற்றிருக்க மாட்டார். இன்று ஆலோசகரின் முன் அமர்பவர் கேட்கும் கேள்விகள் வேறு. வேலையில் சேரும்போது சொல்ல வேண்டுமா? மணம் செய்துகொள்ளலாமா? முதுமையில் நீரிழிவு மருந்துடன் இதையும் உண்ணலாமா? இவற்றுக்கு இரக்கம் மட்டும் விடையாகாது. புதிய அறிவு வேண்டும்.

நம் நாட்டுக்கு இதில் என்ன?

வர்கீஸ் டென்னசியில் பணியாற்றிய அதே காலத்தில், 1986-இல், அவர் பயின்ற சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அந்தத் தொடக்கத்திலிருந்து நாம் நெடுந்தொலைவு வந்திருக்கிறோம். ஆலோசனையும் குருதிச் சோதனையும் நடைபெறும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். அப்பெயருக்கு ஏற்ப நடப்பது அங்குள்ளவர் பெற்ற பயிற்சியைப் பொறுத்தது.

இன்று இது நல்லெண்ணத்தை மட்டும் பொறுத்ததும் அன்று. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. ஒப்புதலின்றிச் சோதனை கூடாது என்கிறது. இரகசியம் காக்கச் சொல்கிறது. அதே சட்டம், தொற்று ஆபத்துள்ள இடங்களில் பணிபுரிவோருக்குத் தற்காப்புப் பொருள்களும், அவற்றைக் கையாளும் பயிற்சியும், ஊசி குத்தினால் தடுப்பு மருந்தும் நிறுவனம் தரவேண்டும் என்றும் விதிக்கிறது. நோயாளியின் உரிமையும் பணியாளரின் பாதுகாப்பும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றது பொருத்தமே. கையுறை இல்லாத வார்டில் செவிலிக்கு இரக்கத்தைப் பற்றி விரிவுரை ஆற்றுவது நியாயமாகாது.

முடிவாக

‘மை ஓன் கன்ட்ரி’ நல்ல நூல். மருத்துவ மாணவர், செவிலி மாணவியர், சமூகப் பணி பயில்வோர் அனைவரும் படிக்கவேண்டும். ஆனால் அதைத் தனியாகப் படிக்கக்கூடாது. சுவாசக் கருவியைப் புதைக்கச் சொன்ன பகுதியைப் படித்தவுடன், நம் மருத்துவமனையில் அதுபோல் இன்றும் எதைச் செய்கிறோம் என்று வகுப்பில் பட்டியலிடவேண்டும். ஜான்சன் தம்பதியரின் பகுதியைப் படித்தவுடன், நோயாளியின் கோப்பை யார் யார் திறக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். இறுதி அதிகாரத்தை மூடியவுடன், எச்.ஐ.வி.யுடன் பல்லாண்டு வாழ்ந்துவரும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, நூலில் எது பழையது, எது இன்னும் மாறாதது என்று கேட்கவேண்டும். அவர் சொல்லும் விடை, நூலில் இல்லாத கடைசி அதிகாரமாக அமையும்.